காற்றுக்கு விலை இல்லை, காற்றாலைக்கு உண்டு

கெடா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தவர்களிடம் அக்கால மின்சாரத்தைப் பற்றிக் கேட்டால், பலரும் தோட்டத்து ஜெனரேட்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். மாலை மயங்கியதும் அது ஓடத் தொடங்கும். லயத்து வீடுகளில் விளக்குகள் எரியும். சில மணி நேரம் கழித்து அதன் ஓசை அடங்கும். தோட்டமே இருளில் மூழ்கும். அதன் பிறகும் படிக்க விரும்பிய பிள்ளைகளுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான் துணை. ஜெனரேட்டர் ஓட வேண்டுமானால் டீசல் வேண்டும். டீசல் வாங்கப் பணம் வேண்டும். அதனால் வெளிச்சத்திற்கும் ஒரு நேரக் கட்டுப்பாடு இருந்தது.

இன்று அதே மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள குரூண் வட்டாரத்தில் சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே டீசல் இல்லை; புகையும் இல்லை. வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியானால் அந்த மின்சாரமும் இலவசமா? இல்லை என்றால் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? அதை யார் கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு விடை காண, இந்தியாவைச் சேர்ந்த ஒரு தொழில்முனைவரின் வாழ்க்கை நல்ல பாடமாக அமைகிறது. அவர் பெயர் துளசி தாந்தி. அவர் நம்பியது வெயிலை அன்று, காற்றை. அந்தக் காற்று அவரை மிக உயரத்திற்குக் கொண்டு சென்றது. பெருங்கடன் அவரைக் கீழே இறக்கியது. அவர் கண்ட வெற்றி, தோல்வி இரண்டிலும் தூய எரிசக்தித் தொழிலின் இயல்பு அடங்கியிருக்கிறது.

மின்கட்டணத்தில் தொடங்கிய தேடல்

துளசி தாந்தி 1958ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் குஜராத் மாநிலத்தின் ராஜ்கோட் நகரில் பிறந்தார். வணிகவியலும் இயந்திரப் பொறியியலும் கற்றார். கணக்கும் இயந்திரமும் ஒருசேரத் தெரிந்திருந்தது பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. பின்னர், துணி உற்பத்திக்குப் பெயர்பெற்ற சூரத் நகரில் தம் சகோதரர்களுடன் சேர்ந்து நெசவுத் தொழில் நடத்தினார்.

அந்த ஆலையில் அவருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது மின்சாரம். ஒருபுறம் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மறுபுறம் மின்வெட்டு அடிக்கடி ஏற்பட்டது. மின்சாரம் நின்றால் தறி நிற்கும். தறி நின்றாலும் கூலியும் வட்டியும் நிற்பதில்லை. ஈட்டிய இலாபத்தை மின்கட்டணமே விழுங்கிக்கொண்டிருந்தது.

இதற்குத் தீர்வு தேடிய தாந்தி, தம் ஆலையின் தேவைக்காக இரண்டு காற்றாலைகளை வாங்கி நிறுவினார். அக்காலத்தில் இந்தியத் தொழிலதிபர்கள் பலருக்குக் காற்றாலை என்பது புதுமைப் பொருள். அதை வாங்குவதும் நிறுவுவதும் பழுது பார்ப்பதும் எளிதாக இருக்கவில்லை. ஆனால், இரண்டு காற்றாலைகளும் சுழலத் தொடங்கியதும் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. மின்சாரத்தால் தொல்லைப்படும் ஆலை அவருடையது மட்டும் அன்று. நாடெங்கும் அத்தகைய ஆலைகள் இருந்தன. தம் சிக்கலைத் தீர்த்த வழியே பிறருக்கு விற்கக்கூடிய பொருளாகவும் ஆகலாம் என்று அவர் எண்ணினார்.

சுஸ்லான் பிறந்தது

1995ஆம் ஆண்டில் தாந்தியும் அவருடைய சகோதரர்களும் சுஸ்லான் எனர்ஜி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னாளில் அதன் தலைமையகம் பூனே நகரில் அமைந்தது. ஆண்டுகள் சில கழிந்த பின், குடும்பம் நெசவுத் தொழிலைக் கைவிட்டுக் காற்றாலைத் தொழிலில் முழுமையாக இறங்கியது.

தொடக்கத்தில் சுஸ்லானிடம் சொந்தத் தொழில்நுட்பம் இல்லை. ஜெர்மனியின் சுட்விண்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தையே அது பயன்படுத்தியது. பின்னர் சுட்விண்ட் நொடித்துப்போனபோது தாந்தி சோர்ந்துவிடவில்லை. அந்த நிறுவனத்தின் பொறியாளர்களைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு, ஜெர்மனியிலேயே ஆராய்ச்சிப் பிரிவை அமைத்தார். திறமை உள்ளவர்களைத் தேடிச் சென்று சேர்த்துக்கொள்வது அவருடைய வழக்கமாயிற்று.

சுஸ்லானின் வெற்றிக்கு இன்னொரு காரணம் அதன் விற்பனை முறை. நெசவாலை உரிமையாளர் ஒருவருக்குத் துணியைப் பற்றித் தெரியும். காற்றைப் பற்றித் தெரியாது. எங்கே காற்று வலுவாக வீசும், நிலத்தை எப்படி வாங்குவது, கோபுரத்தை எப்படி நிறுத்துவது, பழுதானால் யாரை அழைப்பது என்று அவர் திகைப்பார். இதைத் தம் சொந்த அனுபவத்தால் உணர்ந்திருந்த தாந்தி, எல்லாப் பணிகளையும் சுஸ்லானே செய்துதரும் என்று அறிவித்தார். காற்றின் வேகத்தை அளப்பது முதல், பல ஆண்டுகள் பராமரிப்பது வரை எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. வாங்குபவர் பணத்தை மட்டும் முதலீடு செய்தால் போதும்.

ஆரல்வாய்மொழிக் காற்று

காற்றாலை எப்படி வேலை செய்கிறது? உயரமான கோபுரத்தின் உச்சியில் மூன்று நீண்ட இறக்கைகள் பொருத்தப்பட்டிருக்கும். காற்று மோதும்போது அவை சுழலும். அவற்றின் பின்னால் உள்ள பெட்டிக்குள் மின்னாக்கி இருக்கும். இறக்கைகளின் சுழற்சி அந்த மின்னாக்கியைச் சுழற்ற, மின்சாரம் உண்டாகும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். எனவே, இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இத்தொழிலின் உயிர்நாடி.

அத்தகைய இடம் ஒன்று தமிழ்நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பெரும் மதில்போல் நீண்டு கிடக்கிறது. அந்த மதிலில் ஆங்காங்கே இடைவெளிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மலையால் தடுக்கப்பட்ட காற்று இந்த இடைவெளி வழியே நெருக்கியடித்துக்கொண்டு பாயும். கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதியில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் எழுந்தது இதனால்தான். பல நிறுவனங்கள் தமிழ்நாட்டில் காற்றாலைகளை நிறுவின. சுஸ்லானும் அவற்றுள் ஒன்று. நீண்ட காலம் இந்தியாவிலேயே காற்றாலை மின்சாரத்தில் தமிழ்நாடு முதலிடம் வகித்தது.

இந்தக் காற்றாலைகளை வாங்கியவர்களுள் கோயம்புத்தூர் வட்டார நூற்பாலைகளும் அடங்கும். ஆலை ஓரிடத்தில், காற்றாலை வேறோரிடத்தில். காற்றாலை தரும் மின்சாரம் அரசின் மின்கம்பிகளில் சேர்க்கப்படும்; அந்த அளவு ஆலையின் கணக்கில் வரவு வைக்கப்படும். சூரத்தில் தாந்தி கண்ட அதே வழியைத் தமிழ்நாட்டு நூற்பாலைகளும் கண்டன.

முன்கூட்டியே கொடுக்கும் பணம்

இங்கே தூய எரிசக்தித் தொழிலின் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாணவர் பள்ளிக்குப் பேருந்தில் சென்றால் நாள்தோறும் கட்டணம் செலுத்துவார். மிதிவண்டி வாங்கினால் முதலிலேயே பெருந்தொகையைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு செலவு மிகக் குறைவு. கையில் பணம் இல்லாமல் கடன் வாங்கி மிதிவண்டி வாங்கினால், பேருந்துக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தைக்கொண்டு கடனை அடைக்கலாம்.

தோட்டத்து ஜெனரேட்டர் பேருந்தைப் போன்றது. இயந்திரத்தின் விலை குறைவு. டீசல் செலவோ ஓயாது. காற்றாலை மிதிவண்டியைப் போன்றது. காற்றுக்கு விலை இல்லை. ஆனால் காற்றாலைக்கு விலை உண்டு. இருபது ஆண்டு மின்சாரத்திற்கான செலவின் பெரும்பகுதியை முதல் நாளிலேயே செலுத்தியாக வேண்டும். அந்தப் பெருந்தொகை பெரும்பாலும் கடனாகவே வருகிறது. எனவே, காற்று எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வட்டி விகிதமும்.

அரசின் கொள்கையும் இதில் பங்கு வகிக்கிறது. இந்தியாவில் காற்றாலை வாங்கும் நிறுவனங்கள், அதன் விலையில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே கணக்கில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ள இடம் இருந்தது. இச்சலுகை பல முதலீட்டாளர்களை ஈர்த்தது. மின்சாரத்திற்காக அல்லாமல் வரியைக் குறைப்பதற்காகவே சிலர் காற்றாலை வாங்குகிறார்கள் என்ற குறைகூறலும் எழுந்தது. 2012இல் இச்சலுகை நிறுத்தப்பட்டது. 2014இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் காற்றாலை விற்பனை சரிந்தது.

அகலக்கால்

2005ஆம் ஆண்டில் சுஸ்லான் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. விற்பனைக்கு வந்த பங்குகளைவிடப் பல மடங்கு அதிகமான விண்ணப்பங்கள் குவிந்தன. தாந்தி இந்தியாவின் பெருஞ்செல்வர் வரிசையில் இடம்பெற்றார். சுஸ்லான் உலகின் முன்னணிக் காற்றாலை நிறுவனங்களுள் ஒன்றானது. 2009ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்குப் புவியின் காவலர் விருதை வழங்கியது.

புகழ் ஏறிய அதே காலத்தில் கடனும் ஏறியது. 2006இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹான்சன் நிறுவனத்தை சுஸ்லான் வாங்கியது. காற்றாலைகளுக்கு வேண்டிய பல்சக்கரப் பெட்டிகளைச் செய்யும் நிறுவனம் அது. மறு ஆண்டு ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தை வாங்கும் போட்டியில் பிரான்ஸ் நாட்டின் அரேவா நிறுவனத்துடன் மோதி, சுஸ்லான் வென்றது. கடலில் நிறுவக்கூடிய மிகப் பெரிய காற்றாலைகளைச் செய்யும் திறன் ரீபவரிடம் இருந்தது. அந்தத் தொழில்நுட்பத்தின்மேல்தான் தாந்தி கண் வைத்திருந்தார்.

ஆனால், நினைத்தது உடனே கைகூடவில்லை. ரீபவரின் எல்லாப் பங்குகளும் சுஸ்லானிடம் வந்து சேரும்வரை, ஜெர்மனியின் சட்டப்படி அதன் தொழில்நுட்பத்தையோ பணத்தையோ விருப்பம்போல் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு ஆண்டுகள் பல ஆயின. அதுவரை காத்திருக்கலாம்; ஆனால் வட்டி காத்திருக்குமா?

அதே வேளையில் மேலும் இரண்டு இடிகள் விழுந்தன. அமெரிக்காவில் நிறுவிய சுஸ்லான் காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல்கள் தோன்றின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறக்கைகளை வலுப்படுத்தும் செலவு நிறுவனத்தின் தலையில் விழுந்தது, நற்பெயரும் குறைந்தது. அடுத்து, 2008இல் உலகப் பொருளாதார நெருக்கடி வெடித்தது. வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. கடன் இல்லாமல் காற்றாலை வாங்குபவர் யார்? புதிய பணிகள் குறைந்தன. பழைய கடன் மட்டும் குறையவில்லை.

2012ஆம் ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய 20 கோடி அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட தொகையை சுஸ்லானால் உரிய நாளில் செலுத்த முடியவில்லை. அதுபோன்ற கடன் பத்திரங்களில் ஓர் இந்திய நிறுவனம் அதுவரை கண்டிராத அளவு பெரிய தவறுகை அது. சுஸ்லான் இந்திய வங்கிகளுடன் பேசி, கடனைத் திருப்பிச் செலுத்தும் கால அளவை மாற்றியமைத்துக்கொண்டது. தமிழில் இதனை ‘அகலக்கால் வைத்தல்’ என்பர். காலை எடுத்து வைத்ததில் தவறில்லை. தாண்ட வேண்டிய தூரத்தை அளக்காமல் வைத்ததே தவறாயிற்று.

இழந்ததும் மீண்டதும்

வீழ்ச்சியின்போது ஒரு தொழில்முனைவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவருடைய இயல்பு தெரியும். தாந்தி நிறுவனத்தைக் கைவிட்டுச் செல்லவில்லை. ஹான்சன் நிறுவனப் பங்குகள் விற்கப்பட்டன. ஆசையோடு வாங்கிய ரீபவரும், செம்வியான் என்று பெயர் மாறிய பின், 2015இல் 100 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. அந்தப் பணம் கடனை அடைக்க உதவியது. உலகளாவிய கனவைச் சுருக்கிக்கொண்டு, சுஸ்லான் மீண்டும் இந்திய மண்ணில் கவனம் செலுத்தியது.

அதே 2015இல் மருந்துத் தொழிலில் பெரும் வெற்றி கண்ட திலிப் சங்வி 1,800 கோடி ரூபாயை சுஸ்லானில் முதலீடு செய்தார். கடன் கொடுப்பவரும் பங்கு முதலீட்டாளரும் ஒருவர் அல்லர். கடன் கொடுத்தவருக்குத் தொழில் நலிந்தாலும் தவணை வந்தாக வேண்டும். பங்கு முதலீட்டாளரோ இலாபத்தில் பங்கு பெறுவதுபோல் நட்டத்தையும் தாங்க வேண்டும். தள்ளாடும் நிறுவனத்திற்கு இந்த இரண்டாம் வகைப் பணமே மூச்சுவிட இடம் தருகிறது.

துளசி தாந்தி 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 64. கடனைக் குறைப்பதற்காக 1,200 கோடி ரூபாய்க்குப் புதிய பங்குகளை விற்கும் முயற்சியில் நிறுவனம் ஈடுபட்டிருந்த நேரம் அது. தலைவரே மறைந்துவிட்டதால் முதலீட்டாளர்கள் பின்வாங்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. எனினும், அந்த விற்பனை திட்டமிட்டபடி நடந்து வெற்றி பெற்றது. அவருடைய சகோதரர் வினோத் தாந்தி தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2023இல் சுஸ்லான் மேலும் பங்குகளை விற்றுத் தன் கடனின் பெரும்பகுதியை அடைத்தது. அந்த நாளைக் காணத் துளசி தாந்தி இல்லை. ஆனால் அவர் நிறுவிய காற்றாலைகள் இன்னும் சுழன்றுகொண்டிருக்கின்றன.

மீண்டும் கெடாவில்

இந்தக் கதைக்கும் கெடாவுக்கும் என்ன தொடர்பு? மேற்கு மலேசியாவில் பெரும்பாலான இடங்களில் ஆண்டு முழுவதும் காற்று வலுவாக வீசுவதில்லை. எனவே, ஆரல்வாய்மொழியில் செய்ததை அப்படியே இங்குச் செய்ய இயலாது. ஆனால் நமக்கு வெயில் இருக்கிறது. காற்றாலைக்குப் பொருந்தும் கணக்கே சூரியத் தகடுக்கும் பொருந்தும். வெயிலுக்கு விலை இல்லை, தகடுக்கு உண்டு.

குரூண் சூரிய மின் நிலையம் 2018ஆம் ஆண்டின் இறுதியில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. குரூண், மலாக்காவின் ஜாசின், திரெங்கானுவின் மெர்ச்சாங் ஆகிய மூன்று இடங்களிலும் நிலையங்கள் அமைக்க 100 கோடி ரிங்கிட் சுக்கூக் வழி திரட்டப்பட்டது. சுக்கூக் என்பது இஸ்லாமிய நிதி முறைப்படி முதலீட்டாளர்களிடமிருந்து பணம் திரட்டும் பத்திரம். நிலையங்கள் தரும் மின்சாரத்தைத் தெனாகா நேஷனல் 21 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் உண்டு. இத்தனை ஆண்டு வருமானம் முன்கூட்டியே உறுதியாக இருப்பதால்தான் முதலீட்டாளர்கள் துணிந்து பணம் தருகிறார்கள். தாந்தியைத் தடுமாறச் செய்த நிச்சயமற்ற நிலை இங்கே ஓரளவு குறைக்கப்பட்டிருக்கிறது.

கெடாவில் சூரிய மின்சாரம் மட்டுமன்றிச் சூரியத் தகடுகளும் உருவாகின்றன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2008 முதல் அவற்றைத் தயாரித்து வருகிறது. முன்பு அதிகாலைப் பெரட்டுக்குச் சென்று பால்மரம் சீவியவர்களின் மாநிலத்தில், இன்று உலகச் சந்தைக்கான சூரியத் தகடுகள் பெட்டி கட்டப்படுகின்றன.

இத்துறைக்குப் பொறியாளர்கள் மட்டும் போதாது. கம்பி இணைக்கும் தொழில்நுட்பரும், தகடுகளைப் பராமரிப்பவரும், நிலத்தை அளப்பவரும், ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞரும், கடனையும் வட்டியையும் கணக்கிடத் தெரிந்தவரும் வேண்டும். அறிவியல் பிரிவு மாணவருக்கும் கணக்கியல் பிரிவு மாணவருக்கும் தொழிற்கல்வி பயில்பவருக்கும் இதில் இடம் உண்டு.

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது பழமொழி. வாய்ப்பு வந்தபோது அதைப் பற்றிக்கொண்டவர் துளசி தாந்தி. ஒரு நெசவாலையின் மின்கட்டணச் சீட்டில் உலகளாவிய ஒரு தொழிலின் விதையைக் கண்டவர் அவர். அதே சமயம், தூற்றுவதற்கு முன் களத்தின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது. துணிவு தொழிலைத் தொடங்கி வைக்கும். அதை நிலைக்க வைப்பது கணக்கு. ஜெனரேட்டர் நின்ற பிறகு மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவ்விரண்டையும் கற்றுக்கொண்டால், நாளைய வெளிச்சத்தின் கணக்கை எழுதுபவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.